ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கியது லாபமா? சிஎஸ்கேவின் 125 கோடிக் கணக்கு

‘தளபதியவே அனுப்பிட்டாங்களேப்பா!’ நவம்பர் 15-ம் தேதி தொடங்கிய புலம்பல், டிசம்பர் 16-ல் அபுதாபியில் மினி ஏலம் முடிந்த பிறகும் ஓயவில்லை. சேப்பாக்கத்திலிருந்து ஈசிஆர் வழியாக 70 கிலோமீட்டர் வந்து கல்பாக்கம் டவுன்ஷிப்பிலோ, பக்கத்தில் புதுப்பட்டினம் டீக்கடையிலோ நின்றாலும் இதே பேச்சுதான். ‘ஜடேஜாவ விட்டது துரோகம்’ என்கிறது ஒரு கட்சி. ‘சஞ்சு வந்ததால அடுத்த பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல’ என்கிறது இன்னொரு கட்சி.

இரண்டு பக்கமும் உணர்ச்சி நிறைய இருக்கிறது, கணக்கு கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். யாருக்கு எவ்வளவு மிச்சம், யார் தலையில் ரிஸ்க், 2027 வரை சிஎஸ்கேவின் சம்பளப் பட்டியல் எப்படி இருக்கும்?

முதலில், என்ன நடந்தது?

2025 ஐபிஎல் சீசன் சிஎஸ்கே ரசிகர்கள் மறக்க நினைக்கிற சீசன். 14 ஆட்டங்களில் 4 வெற்றி. அணியின் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து 5 தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு இங்கே வந்து ஜெயித்ததும் அந்த சீசனில்தான்.

அதன் விளைவுதான் இந்த அதிரடி மாற்றங்கள். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போனார்கள். அங்கே கேப்டனாக இருந்த சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அதே நாளில் பதிரனா, கான்வே, ரச்சின் ரவீந்திரா, ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் எனப் பெரிய பட்டியலே விடுவிக்கப்பட்டது. ஐபிஎல்லில் இருந்து ஓய்வு பெறுவதாக அஸ்வின் ஆகஸ்ட் மாதமே அறிவித்துவிட்டார். அவருடைய 9.75 கோடியும் மிச்சம். எல்லாம் சேர்ந்து, ஏலத்துக்குப் போகும்போது சிஎஸ்கேவின் பர்ஸில் 43.40 கோடி ரூபாய் இருந்தது.

டிரேட் என்றால் வீரரை விற்பதா?

முழுக்க அப்படி இல்லை. ஐபிஎல் டிரேட் இரண்டு வகை. ஒன்று, வீரருக்கு வீரர். இரண்டு, வீரருக்குப் பணம். இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பியது. மும்பையின் பர்ஸில் கழிந்தது அவருடைய சம்பளமான 15 கோடி மட்டும்தான். அதற்கு மேல் ஒரு அணி இன்னொரு அணிக்குக் கொடுக்கும் ‘டிரான்ஸ்ஃபர் கட்டணம்’ பர்ஸ் கணக்கில் வராது, பொதுவெளியிலும் வராது.

இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. வீரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. அதனால் ‘ஜடேஜாவ தூக்கிப் போட்டுட்டாங்க’ என்பது பாதி உண்மைதான். அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2008-ல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் இருந்தவர் அவர். அவருக்கு அது பழைய வீடு.

இதில் ஒரு விசித்திரம். 2010 சீசனில் ஜடேஜா ஐபிஎல் ஆடவே இல்லை, தடை விதிக்கப்பட்டிருந்தார். காரணம், ராஜஸ்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் நேரடியாகப் பேசியது. அதாவது, தன் சம்பளத்தைத் தானே பேச முயன்றதற்கான தண்டனை. 2012-ல் அவரை சிஎஸ்கே எடுத்தபோது, டெக்கான் சார்ஜர்ஸும் அதே 20 லட்சம் டாலர் உச்சத்தில் நின்றது. டை-பிரேக்கரில் இரு அணிகளும் ரகசியத் தொகை எழுதிக் கொடுக்க, சென்னை ஜெயித்தது. அந்தத் தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லப்படவில்லை. ஐபிஎல்லின் பண விதிகள் ஒவ்வொன்றும் ஜடேஜாவின் கரியரைத் தொட்டுத்தான் போயிருக்கின்றன.

அந்த 4 கோடி யாருடையது?

இப்போது கணக்குக்கு வருவோம். சிஎஸ்கேவில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி. ராஜஸ்தானில் அது 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரன் அதே 2.40 கோடி. சஞ்சு அதே 18 கோடி.

சிஎஸ்கே பக்கம்: போனது 20.40 கோடி, வந்தது 18 கோடி. மிச்சம் 2.40 கோடி.

ராஜஸ்தான் பக்கம்: போனது 18 கோடி, வந்தது 16.40 கோடி. மிச்சம் 1.60 கோடி.

இரண்டு அணிக்குமே லாபம்! அது எப்படி ஒரே டீலில் இருவருக்கும் மிச்சமாகும்? 2.40-ஐயும் 1.60-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 4 கோடி. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த அதே 4 கோடி. இரண்டு அணிகளின் பர்ஸில் கூடுதலாக வந்த பணம் ஒரு வீரரின் சம்பளத்திலிருந்து வந்திருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த கல்பாக்கத்தில் இதை விளக்குவது சுலபம். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் ஊர் மாறும், குவார்ட்டர்ஸ் மாறும், பிள்ளைகளின் ஸ்கூல் மாறும். ஆனால் பே லெவல் குறையாது. ஐபிஎல்லில் குறையலாம். அதற்கும் வீரரின் ஒப்புதல் உண்டு என்பது உண்மைதான். ஆனால், பல வருடம் ஆடிய அணியே டிரேடுக்குத் தயாராகிவிட்ட பிறகு, 37 வயதை நெருங்கும் ஒருவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

சரி, கிரிக்கெட்டாகப் பார்த்தால்?

2025 சீசனில் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். மோசம் என்று சொல்ல முடியாது. 18 கோடிக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. சர்வதேச டி20-யிலிருந்து அவர் 2024 ஜூனிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். சஞ்சு அந்த சீசனில் காயத்தால் 9 ஆட்டங்களில்தான் ஆடினார், 285 ரன். எண்களில் அவரும் பெரிதாக முந்தவில்லை.

ஆனால் சிஎஸ்கே வாங்கியது போன சீசன் ரன்னை அல்ல. 31 வயதில் ஒரு விக்கெட் கீப்பர், டாப் ஆர்டர் பேட்டர், கேப்டன் அனுபவம் உள்ளவர். 2022-ல் ராஜஸ்தானை இறுதிப்போட்டி வரை கூட்டிப் போனவர். 44 வயதாகும் தோனி என்று ஓய்வு பெற்றாலும், மறுநாள் கிளவுஸ் போட ஒரு ஆள் வேண்டும். தோனியின் சம்பளம் 4 கோடிதான். சர்வதேச ஆட்டம் ஆடி 5 ஆண்டு ஆனவர்களை ‘அன்கேப்டு’ வீரராகக் கருதலாம் என்ற விதியால் வந்த விலை அது. அவர் போனால் பர்ஸில் 4 கோடிதான் திரும்பும். அந்தக் காசுக்கு இன்னொரு கீப்பர்-கேப்டன் கிடைக்கமாட்டார். அதனால்தான் முன்கூட்டியே 18 கோடி.

இழப்பும் உண்டு. மிடில் ஓவர்களில் 4 ஓவர் போட்டு, 6-வது 7-வது இடத்தில் இறங்கி, ஃபீல்டிங்கிலும் ரன் மிச்சப்படுத்தும் ஒரு ஆளின் வேலை மூன்று பேருக்குப் பிரிகிறது. 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தவரின் இடத்தை எக்செல் ஷீட்டில் நிரப்ப முடியாது என்று ரசிகர்கள் சொன்னால், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

விடுவித்தவர்களுக்கு என்ன ஆனது?

ஒரு வீரரின் சந்தை விலை என்ன என்று தெரிய வேண்டுமா? அவரை ஏலத்தில் விட்டுப் பாருங்கள். சிஎஸ்கே விட்ட நான்கு பேருக்கு நடந்தது இது:

பதிரனா: சென்னையில் 13 கோடி. கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது.

ரச்சின் ரவீந்திரா: 4 கோடி. கொல்கத்தாவுக்கு 2 கோடியில் போனார்.

ராகுல் திரிபாதி: 3.40 கோடி. அவரும் கொல்கத்தாவுக்கு, 75 லட்சத்துக்கு.

கான்வே: 6.25 கோடி. யாரும் எடுக்கவில்லை.

பேட்டர்கள் மூவர் விஷயத்திலும் சிஎஸ்கேவின் கணிப்பு சரி. பதிரனா விஷயத்தில் சந்தை வேறு மாதிரி சொன்னது. 13 கோடி அதிகம் என்று விட்டவருக்கு இன்னொரு அணி 5 கோடி கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. கடைசி ஓவர்களில் அவருடைய யார்க்கருக்குப் பதில் என்ன என்பது 2026-ல் சிஎஸ்கே பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி.

28.40 கோடிக்கு இரண்டு இளைஞர்கள்: தைரியமா, சூதாட்டமா?

இந்த ஏலத்தின் பெரிய ஆச்சரியம் சென்னையிலிருந்துதான் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் இடது கை சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீர். ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர் பேட்டர் கார்த்திக் சர்மா. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். இருவருக்கும் தலா 14.20 கோடி. சர்வதேச ஆட்டம் ஆடாத வீரருக்கு ஐபிஎல் ஏலத்தில் கொடுக்கப்பட்ட அதிகபட்ச விலை இதுதான். 2022-ல் ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடிதான் முந்தைய சாதனை.

பர்ஸில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடி, அதாவது 100 ரூபாயில் 65 ரூபாய், ஐபிஎல்லில் ஒரு பந்துகூட ஆடாத இருவருக்கு. மீதிப் பணத்தில் ராகுல் சாஹர் 5.20 கோடி, அகீல் ஹுசைன், மாட் ஹென்றி தலா 2 கோடி, மேத்யூ ஷார்ட் 1.50 கோடி, சர்ஃபராஸ் கான் 75 லட்சம் என்று சிக்கனமாகப் பட்டியலை நிரப்பினார்கள். கடைசியில் கையில் 2.40 கோடி மிச்சம்.

‘காசைக் கொட்டிட்டாங்க’ என்று தோன்றலாம். ஆனால் இங்கே ஐபிஎல் ஒப்பந்தத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சீசன் முடிந்ததும் அணி நினைத்தால் வீரரை விடுவிக்கலாம். அவருடைய முழுத் தொகையும் அடுத்த ஏலத்துக்கான பர்ஸுக்குத் திரும்பிவிடும். அபராதம் இல்லை, பாக்கி இல்லை. ஆக, சிஎஸ்கே எடுத்திருப்பது ஒரு வருட ரிஸ்க். இருவரும் ஜொலித்தால் 2027-க்கும் அதே விலையில் கையில் இருப்பார்கள். சொதப்பினால் அடுத்த டிசம்பரில் 28.40 கோடி மீண்டும் பர்ஸில்.

அணிக்கு ஒரு வருட ரிஸ்க். 20 வயதை ஒட்டிய அந்த இருவருக்கு? ‘14 கோடி பிளேயர்’ என்ற பட்டம் நெற்றியில் ஒட்டிவிட்டது. முதல் மூன்று ஆட்டத்தில் ரன் வராவிட்டால் மீம் போடப் போவதும் நாம்தான்.

2027 வரை சம்பளப் பட்டியல் எப்படி இருக்கும்?

ருதுராஜ் 18, சஞ்சு 18, பிரசாந்த் 14.20, கார்த்திக் 14.20, சிவம் துபே 12. முதல் ஐந்து பேருக்கு மட்டும் 76.40 கோடி. நூர் அகமதுவின் 10 கோடியைச் சேர்த்தால் 86.40 கோடி. மொத்த பர்ஸான 125 கோடியில் இது ஏறக்குறைய 69 சதவீதம். மீதி 19 பேருக்கும் சேர்த்து 40 கோடிக்கும் குறைவு.

இதில் பலம் எங்கே என்றால் அடிமட்டத்தில். ஆயுஷ் மாத்ரே 30 லட்சம். டெவால்ட் பிரெவிஸ் 2.20 கோடி. அன்ஷுல் கம்போஜ் 3.40 கோடி. மூவரும் இன்று ஏலத்துக்குப் போனால் இந்த விலைக்குக் கிடைக்கமாட்டார்கள். மேலே சிலருக்குக் கொட்டிக் கொடுக்க முடிவதே, கீழே சிலர் மலிவாக இருப்பதால்தான். 2027 சீசனோடு இந்த மூன்றாண்டுச் சுற்று முடிகிறது. அடுத்து மெகா ஏலம் வரும்போது இந்த ‘மலிவு’ வீரர்களைத் தக்கவைக்கவே பெரிய தொகை வேண்டும். ஆகவே சிஎஸ்கேவிடம் இருப்பது இரண்டு சீசன் அவகாசம்.

அமெரிக்க பேஸ்பாலில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

டிரேட் கலாசாரத்தின் தாய்வீடு அது. அங்கே வித்தியாசம் இரண்டு இடத்தில்.

முதலாவது, பெரும்பாலான வீரர்களை அவர்கள் சம்மதம் இல்லாமலேயே டிரேட் செய்யலாம். 1969-ல் கர்ட் ஃபிளட் என்ற வீரர் ‘நான் வாங்கி விற்கிற சரக்கு இல்லை’ என்ற நிலைப்பாட்டோடு தன் டிரேடை ஏற்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் அவர் தோற்றார். ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான், ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் விருப்பப்படி அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1970-களின் நடுவில் வந்தது.

இரண்டாவது, அங்கே ஒப்பந்தம் போட்டால் பணம் உறுதி. நியூயார்க் மெட்ஸ் அணி பாபி போனியாவுக்கு இன்றும் ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுக்கிறது. அவர் ஆட்டத்தையே விட்டு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2035 வரை கொடுக்க வேண்டும். தவறான ஒப்பந்தத்தின் வலி அங்கே அணிக்கு. இங்கே அது வீரருக்கு. கான்வேயின் 6.25 கோடி ஒரே மாதத்தில் பூஜ்ஜியமானது அப்படித்தான்.

அங்கே சம்பள விதிகளை அணி முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். ஐபிஎல்லில் விதியை எழுதுவது பிசிசிஐ. மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு 18 கோடி உச்சவரம்பு என்பது அப்படி வந்த விதிதான். கேமரூன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தாலும் அவர் கைக்கு வருவது 18 கோடி. மீதி 7.20 கோடி வீரர் நலனுக்கு என்று பிசிசிஐக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்த பிறகு தகுந்த காரணம் இல்லாமல் விலகும் வெளிநாட்டு வீரருக்கு இரண்டு சீசன் தடை. வீரரை விடுவிக்கும் அணிக்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. வருடத்துக்கு சுமார் 9,678 கோடி. 2026-ல் ஒரு அணி, மேட்ச் ஃபீஸ் எல்லாம் சேர்த்து, வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 151 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,510 கோடி. டிவி, மொபைல் வருமானத்தோடு மட்டும் ஒப்பிட்டாலே 16 சதவீதத்தைத் தொடவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு. ‘இவனுக்கு 14 கோடியா!’ என்று நாம் வாய் பிளக்கும்போது, பெரிய பங்கு வேறு எங்கோ இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பையன்கள் எங்கே?

இது ரசிகர் விவாதத்தில் சத்தமாக வரும் கேள்வி. அஸ்வின் ஓய்வு. விஜய் சங்கர், ஆண்ட்ரே சித்தார்த் விடுவிப்பு. இன்றைய சிஎஸ்கேவில் தமிழ்நாடு அணிக்காக ஆடுபவர் குர்ஜப்னீத் சிங் மட்டுமே. சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர், ஷாருக் கான் குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். நடராஜன் டெல்லியில்.

ஏலம் என்பது ஊர்ப்பாசத்தில் நடப்பதில்லை, உண்மைதான். ஆனால் ஆண்ட்ரே சித்தார்த் மாதிரி ஒரு இளைஞருக்கு 30 லட்ச ஒப்பந்தம் என்றால் அது ஒரு சீசன் முழுக்க வலைப்பயிற்சி, பெரிய கோச்கள், பெரிய கனவு. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அது முடிந்துபோகிறது. கான்ட்ராக்ட் புதுப்பிப்புக்காக ஒவ்வொரு வருடமும் காத்திருப்பது என்னவென்று ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கும் பலருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜடேஜாவுக்குக் குரல் கொடுக்க லட்சக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள். 30 லட்சப் பட்டியலில் இருப்பவர் விடுவிக்கப்பட்டால் அது செய்தியில் கடைசி வரி.

அப்போ டிரேட் லாபமா, நஷ்டமா?

பர்ஸ் கணக்கில் லாபம். 2.40 கோடி மிச்சம், வயதில் ஆறு வருடம் இளையவர், தோனிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பாதி பதில். ஆட்டக் கணக்கில் இன்னும் முடிவாகவில்லை. 2026-ல் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, ஜடேஜாவின் 4 ஓவரை யார் போடுகிறார்கள்? அகீல் ஹுசைனா, பிரசாந்த் வீரா? ஹுசைன் என்றால் ஆடும் 11 பேரில் ஒரு வெளிநாட்டு இடம் போய்விடும். அங்கேதான் 14.20 கோடியின் நியாயம் தெரியும்.

இரண்டு, கடைசி 4 ஓவரில் எத்தனை ரன் கொடுக்கிறார்கள்? பதிரனாவை விட்ட முடிவுக்கு மார்க் போடும் இடம் அது.

மூன்று, ருதுராஜ் கேப்டனாகத் தொடர்வார் என்று அணி அறிவித்திருக்கிறது. இன்னொரு அணியில் ஐந்து சீசன் கேப்டனாக இருந்தவர் பக்கத்தில் கீப்பராக நிற்கிறார். இருவருக்கும் ஒரே சம்பளம், 18 கோடி. தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் முதலில் எழும் விவாதம் எதுவாக இருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டாம்.

அதுவரை, அடுத்த முறை யாராவது ‘தளபதிய வித்துட்டாங்க’ என்று ஆரம்பித்தால், அந்த 4 கோடிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். விவாதம் கொஞ்சம் வேறு திசையில் போகும்.